எல்லைக்கோட்டில் கிடக்கும் ஆபத்து: பல துறைகள் சேர்ந்து வேலை செய்வது பற்றி

ஜூன் 3 – வாசகர் கேள்வி

பேரிடர் ஆபத்தைக் குறைக்க எதற்கு எட்டுத் துறைகளைக் கூப்பிட்டு மாதம் ஒரு கூட்டம்? ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் வேலை நடந்துவிடும். தீயணைப்பில் அப்படித்தானே? கூட்டம் போட்டு எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 3, இரவு

தீ எரிந்துகொண்டிருக்கும்போது நீங்கள் சொல்வது சரி. அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குப் பொருந்தாது. நான் அந்த ஆறு மாதத்தில் வேலை பார்க்கிறவன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தீயணைப்பில் இருக்கும் ஒரே தலைமை முறை தானாக வந்துவிடவில்லை. 1970-ல் கலிபோர்னியாவில் 13 நாட்களுக்குள் காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள். 700 கட்டடங்கள் அழிந்தன, ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆளும் வண்டியும் வந்தன. ஆனால் வந்த ஒவ்வொரு அமைப்பும் வேறு வேறு சொற்களைப் பேசியது, வேறு வேறு வயர்லெஸ் அலைவரிசையில் இருந்தது, தன் மேலதிகாரியிடம் மட்டுமே கேட்டது. அந்த அடியிலிருந்துதான் 'இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்' என்ற களத் தலைமை முறை பிறந்தது. பொறுப்புகளுக்கு எல்லா அமைப்பிலும் ஒரே பெயர். ஒருவருக்கு ஒரு மேலதிகாரி. ஒரு மேலதிகாரிக்குக் கீழே 3 முதல் 7 பேர், 5 இருந்தால் நல்லது.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். சட்டப்படி பல அமைப்புகளுக்குப் பொறுப்பு இருக்கும் இடத்தில் அந்த முறை 'ஒருவரே எல்லாம்' என்று சொல்லவில்லை. கூட்டுத் தலைமை என்று வைத்தது. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தீயிலேயே இப்படி என்றால், தீ இல்லாத காலத்தில்?

வடிகால் ஒரு துறை, சாலை ஒரு துறை, மின்சாரம் ஒன்று, மருத்துவமனை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி பட்ஜெட், தனி ஆண்டுத் திட்டம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை உங்களுக்கு யாரும் தரப்போவதில்லை. அந்த அதிகாரம் இல்லாமலே வேலையை நடத்துவதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு.

ஜூன் 4

நேற்று எழுதியது பாடம் மாதிரி ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆற்றை ஒட்டிய தாழ்வான குடியிருப்பு ஒன்றில் வெள்ள ஆபத்தைக் குறைக்கும் வேலை. நான் ஒருங்கிணைப்பாளர். குடியிருப்பின் தண்ணீர் ஒரு வடிகால் வழியாக வந்து, பெரிய சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வாய்க்காலாக ஆற்றில் சேரும். வடிகால் உள்ளாட்சியுடையது. வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. மேலே போகும் சாலை இன்னொரு துறையுடையது.

மழைக்கு முந்தைய கூட்டத்தில் மூன்று துறையும் 'நூறு சதவீதம் முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக் கோப்பில் வைத்தேன். மழை பெய்தது. வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். சாலைக்கு மறுபக்கம் வாய்க்கால் பாதி காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

சிறுபாலத்தின் உள்ளே வண்டல் கூரை வரை அடைத்திருந்தது. வடிகாலை வாசல் வரைக்கும் சுத்தம் செய்திருந்தார்கள். வாய்க்காலையும் வாசலில் இருந்து சுத்தம் செய்திருந்தார்கள். சாலை மேலே பளபளவென்று இருந்தது. நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு மீட்டர் யாருடைய பட்டியலிலும் இல்லை.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. யாரையாவது திட்டி ஆறிக்கொள்ளலாம் என்று போனால், மூவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். நான்தான் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்காகவே இருந்தவன் நான்.

ஜூன் 4, மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: 'அப்படியானால் எல்லைகளைத் தெளிவாக வரைந்துவிட்டால் போதுமே?'

வரைய வேண்டும். ஆனால் வரைபடத்தில் கோடு எப்போதும் மெல்லியதாகத்தான் இருக்கும். களத்தில் அந்தக் கோட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் அகலம் இருக்கிறது. ஆபத்து அங்கேதான் தங்குகிறது.

ஜூன் 6

திருத்தம். அந்தப் பன்னிரண்டு மீட்டர் 'யாருடைய பட்டியலிலும் இல்லை' என்று எழுதினேன். என் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். முழுக்கச் சரியில்லை. சாலைப் பராமரிப்பு ஒரு ஒப்பந்ததாரரிடம் இருந்தது, அந்த ஒப்பந்தத்தில் சிறுபாலத்தின் 'கட்டுமானப் பாதுகாப்பு' இருந்தது. விரிசல் விழுந்தால் அவர்கள் பொறுப்பு. வண்டல் அள்ளுவது அதில் இல்லை. ஆக, சாலைத் துறை 'ஒப்பந்தத்தில் இருக்கிறது' என்று நம்பியது, ஒப்பந்ததாரர் 'ஒப்பந்தத்தில் இல்லை' என்று சரியாகவே நம்பினார்.

இது சின்ன விஷயம் இல்லை. இப்போதெல்லாம் துறைகளின் பாதி வேலை ஒப்பந்தத்தில் போகிறது. கூட்டத்துக்குத் துறை அதிகாரி வருவார், வேலையைச் செய்கிறவர் வரமாட்டார். ஒப்பந்தத் தாளை யாரும் மேசைக்குக் கொண்டுவரமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் முதல் கூட்டத்திலேயே கேட்பது: 'இந்த வேலையை நாளைக் காலை கையால் செய்யப்போகிறவர் யார், அவரை யார் அனுப்புவார்?'

ஜூன் 9

'தகவல் முன்கூட்டியே கிடைத்தால் துறைகள் தானாகச் செயல்படும், பிரச்சினையே தகவல்தான்' என்கிற வாதத்துக்கு என் பதில் இது. எனக்கு இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனசு கனக்கும்.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. 1985-ல் அது மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. எங்கெல்லாம் சேற்றுப் பெருக்கு வரும் என்று காட்டும் ஆபத்து வரைபடம் அக்டோபரிலேயே தயார். அதில் ஆர்மேரோ நகரம் ஆபத்துப் பகுதிக்குள் இருந்தது. வரைபடம் பீதியைக் கிளப்புகிறது என்று எதிர்ப்பும் வந்தது. நவம்பர் 13 இரவு ஒன்பது மணி வாக்கில் எரிமலை வெடித்தது. உச்சியில் இருந்த பனி உருகி, சேறாகி, ஆர்மேரோவை அடைய இரண்டரை மணி நேரம் போல ஆனது. ஊரை ஒட்டி மேடான இடம் இருந்தது. நடந்தே போயிருக்கலாம். மொத்தம் 23,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

தகவல் இருந்தது, நேரமும் இருந்தது. 'இப்போது கிளம்புங்கள்' என்று சொல்ல வேண்டியவர் யார், எதைப் பார்த்ததும் அவர் சொல்ல வேண்டும் என்ற முடிவு மட்டும் இல்லை. வெளியேற்றிவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் செலவும் கெட்ட பெயரும் யார் தலையில் விழும் என்ற பயம் எல்லா மட்டத்திலும் இருந்தது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1986-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம், மற்ற நாடுகளின் எரிமலை ஆய்வாளர்களுக்கு உதவ ஒரு தனிக் குழுவை அமைத்தது. ஐந்து வருடம் கழித்து, 1991-ல், அந்தக் குழு பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து அந்த நாட்டின் பினாடுபோ எரிமலையில் வேலை செய்தது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, ஐந்து நிலை கொண்ட எச்சரிக்கை அட்டவணை. மூன்றாம் நிலை என்றால் இப்படியே போனால் இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம். நான்காம் நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள். விஞ்ஞானிகளின் மொழியை அதிகாரிகளின் மொழியாக்கிவிட்டார்கள். 'நில அதிர்வு கூடியிருக்கிறது' என்று சொன்னால் ஒரு அதிகாரி தலையாட்டுவார். '24 மணி நேரம்' என்று சொன்னால் வண்டியைக் கூப்பிடுவார்.

எரிமலை என்ன செய்யும் என்பதைப் படத்தில் காட்டவும் செய்தார்கள். பிரான்சின் எரிமலை ஆய்வாளர்கள் மோரிஸ், காத்யா கிராஃப்ட் தம்பதி எடுத்த காட்சிகள் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டன. அந்தத் தம்பதி அதே 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 15, பினாடுபோ அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்றாக வெடித்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சாவு அங்கேயும் இருந்தது. சாம்பல் மீது சூறாவளி மழை விழுந்து கூரைகள் இடிந்தன. ஆனால் ஆர்மேரோ திரும்ப நடக்கவில்லை.

ஜூன் 10

மேலே எழுதியதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. அட்டவணை மட்டும் போதாது. ஒவ்வொரு நிலைக்கும் எதிரே யார் என்ன செய்வார் என்பதும், அதற்கு அவர் திரும்பவும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பே கொடுத்து வைத்த அனுமதி. எங்கள் ஆற்றுத் திட்டத்தில் இதை வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அளவுகோல் இன்ன உயரத்தைத் தொட்டால் மதகுப் பணியாளரே குடியிருப்பின் சங்கை ஒலிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்ற ஒரே ஒரு வரிக்கு ஏழு மாதம். அந்த வரிக்காக மட்டும் நான் இந்த வேலையில் இருந்திருந்தாலும் போதும் என்று தோன்றும்.

ஜூன் 13

கூட்டம் பற்றிக் கேட்டவருக்கு: கூட்டத்தில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

'உங்கள் துறை என்ன செய்யும்?' என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் திட்டத்தை வாசிப்பார்கள். அழகாக இருக்கும். எல்லோரும் தயார் என்றுதான் தெரியும். நான் அப்படித்தான் பல வருடம் கேட்டேன்.

அப்புறம் ஒரு மேசை ஒத்திகையில், அதாவது களத்துக்குப் போகாமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே நடத்தும் ஒத்திகையில், கேள்வியை மாற்றினேன். மாலை ஆறு மணி, மழை நிற்கவில்லை, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது என்று சூழலைச் சொல்லிவிட்டு, 'உங்கள் முதல் வேலையைத் தொடங்க, இந்த மேசையில் இருக்கும் வேறு யாரிடமிருந்து என்ன வர வேண்டும்?' என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

மருத்துவமனை: 'நோயாளிகளை மாற்றப் பேருந்து வேண்டும்.' கல்வித் துறை: 'விடுதி மாணவர்களுக்குப் பேருந்து வேண்டும்.' வருவாய்த் துறை: 'குடியிருப்பு மக்களுக்குப் பேருந்து வேண்டும்.' மூன்று திட்டத்திலும் அதே பணிமனை, அதே 40 பேருந்துகள். பணிமனை மேலாளரை யாரும் கூப்பிட்டதே இல்லை. தொலைபேசியில் பிடித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: 'மாலை ஆறு மணிக்கு என்னிடம் பதினொரு வண்டிதான் நிற்கும். மீதி எல்லாம் தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர்களில் பாதிப் பேர் வீடு நீங்கள் சொல்கிற அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறது. அவர்கள் முதலில் தங்கள் பிள்ளைகளைத் தூக்கப் போவார்கள்.'

அந்தக் கடைசி வரியை எந்தத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது மின்சாரம். துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர் வந்தால் உயிர்ப் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். சரியான முடிவு. ஆனால் குடியிருப்பில் இருந்து தண்ணீரை வெளியேற்றும் பம்புகள் அதே இணைப்பில் ஓடுகின்றன. ஒரு துறையின் பாதுகாப்பு நடவடிக்கை இன்னொரு துறையின் பாதுகாப்பு நடவடிக்கையை அணைத்துவிடும். பம்பு வைத்திருந்த உள்ளாட்சிப் பொறியாளருக்கும் மின் பொறியாளருக்கும் அலுவலகம் ஒரே தெருவில். பதினான்கு வருடம் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருக்கும் நோயாளிகளின் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருந்தது. மின்சாரம் எப்போது நிற்கும் என்பது மின் துறைக்குத் தெரியும். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் எதுவுமே இல்லை.

அன்று மதியம் மூன்று மணி நேரத்தில் பதினேழு இடைவெளிகளை எழுதினோம். எந்தத் துறையையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் தங்களுக்கே முதல் முறையாகத் தெரிகிறது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து கூட்டத்தை நான் குறைத்துப் பேசுவதில்லை.

ஜூன் 13, பின்னிரவு

அந்தப் பேருந்து விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்கிறார்கள். முன்னுரிமையை எழுதினோம்: முதலில் மருத்துவமனை, பிறகு விடுதி, பிறகு மற்றவர்கள். குடியிருப்பு மக்களில் நடக்க முடிந்தவர்களை நடந்தே மேட்டுக்கு அழைத்துப் போகும் பாதையைக் குறித்தோம். ஓட்டுநர்களின் குடும்பங்களை முதலில் அழைத்து வருவது திட்டத்திலேயே இடம்பெற்றது. பணிமனை மேலாளர் நிரந்தர உறுப்பினர். பம்பு இணைப்பைப் பிரிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை, மின்சாரத்தை நிறுத்தும் முப்பது நிமிடம் முன்பு மூன்று பேருக்குத் தகவல், ஒரு டீசல் பம்பு தயார்.

ஜூன் 16

சொற்கள் பற்றி. 'ஒரே சொல்லைப் பேசினால் போதும்' என்று நான் முதல் நாள் எழுதியது போலத் தொனிக்கிறது. ஒரே சொல்லை வெவ்வேறு இடத்தில் இருந்து அளந்தால்?

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே லாவுஃபென்பூர்க்கில் ஒரு பாலம் கட்டினார்கள். ஜெர்மனியின் 'கடல் மட்டம்' வட கடலை வைத்து, சுவிட்சர்லாந்தின் 'கடல் மட்டம்' மத்தியதரைக் கடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். அது பொறியாளர்களுக்குத் தெரியும், கணக்கிலும் எடுத்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய பக்கத்தில் கழித்துவிட்டார்கள். 2003-ல் இரண்டு பக்கமும் நெருங்கியபோது 54 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு. ஒரு பக்கத்தைச் சரிசெய்துதான் இணைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆற்றில் அணையில் இருந்த அளவுகோலின் பூஜ்யமும் பாலத்தில் இருந்த அளவுகோலின் பூஜ்யமும் வேறு. 'மூன்று மீட்டர்' என்று அணையில் இருந்து சொன்னால் காவல் துறை பாலத்தின் மூன்று மீட்டரைப் பார்த்துவிட்டு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தது. நல்ல வேளை, ஒத்திகையில் தெரிந்தது. இப்போது பாலத்தின் தூணில் நிறம் பூசியிருக்கிறோம். எண்ணைச் சொல்வதில்லை, 'மஞ்சளைத் தொட்டது' என்கிறோம். யாரும் குழம்புவதில்லை.

ஜூன் 20

வயர்லெஸ் பற்றித் தனியாகக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் காவல் துறை ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தின் மோசமான நிலையைப் பார்த்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை காவல் துறையின் வயர்லெஸ்ஸில் போனது. கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது போய்ச் சேர வழி இல்லை. அன்று மொத்தம் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நகரத்தின் அவசரக் கட்டுப்பாட்டு மையமோ அதே வளாகத்தின் 7-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. ஒருங்கிணைக்க வேண்டியவர்களே வெளியேற வேண்டியதாயிற்று.

புதுக் கருவி வாங்கினால் இது தீராது. ஒரு துறை பார்ப்பது இன்னொரு துறைக்கு உயிர் போகிற விஷயம் என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும். அது பழக்கத்தில்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பழகியிருந்தால்தான் 'இதை அவர்களுக்குச் சொல்லணுமே' என்று மனதில் படும். கட்டுப்பாட்டு அறையில் துறைவாரியாக நாற்காலி போடாதீர்கள். யாருக்கு யார் தகவல் தரவேண்டுமோ அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஜூன் 21

அவசரக் கட்டுப்பாட்டு மையம் எங்கே இருக்கிறது என்று உங்கள் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த மூன்று இடங்களில் அது தரைத்தளத்தில் இருந்தது, ஜெனரேட்டர் அதற்கும் கீழே.

ஜூன் 28

பணம். இதைத் தொடாமல் இத்தனை நாள் எழுதியது சரியில்லை.

ஆபத்தைக் குறைக்கும் வேலையில் செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. சிறுபாலத்தை அகலப்படுத்தினால் செலவு சாலைத் துறைக்கு. நோய் குறைவது சுகாதாரத் துறைக்கு. மின்மாற்றி தப்பிப்பது மின் துறைக்கு. சாலைத் துறை அதிகாரியின் ஆண்டு மதிப்பீட்டில் வாந்தி பேதி குறைந்தது என்று ஒரு வரி கிடையாது. அவர் கெட்டவர் இல்லை, அவர் கணக்கில் அது இல்லை.

2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் நாடுகள் ஏற்றுக்கொண்ட பேரிடர் அபாயக் குறைப்புச் செயற்சட்டகத்தில் ஏழு இலக்குகள் உண்டு. அதில் ஒன்று, தேசிய அளவிலும் உள்ளாட்சி அளவிலும் திட்டம் வைத்திருக்கும் நாடுகளின் எண்ணிக்கையை 2020-க்குள் கூட்டுவது. நல்ல இலக்கு. ஆனால் திட்டங்களை எண்ணுவது சுலபம், திட்டத்துக்குள் எந்த வரிக்கு யார் பணம் கொடுப்பார் என்று எண்ணுவது கஷ்டம். நான் இப்போது எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் யார் பணம் கொடுப்பார் என்று சொல்லும் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் 'சம்பந்தப்பட்ட துறைகள்' என்று இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் அந்த வேலை நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்களுக்கு வழி கிடைத்தது மின் துறையால். சேதமான மின்மாற்றிகளுக்கு ஐந்து வருடத்தில் என்ன செலவானது என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். அது சிறுபாலத்தை அகலப்படுத்தும் செலவைவிட அதிகமாக வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலே போனார்கள், நான் போகவில்லை. ஒருங்கிணைப்பாளர் கெஞ்சினால் கருணை மனு. இன்னொரு துறை கணக்கோடு போனால் அது வேலை.

ஜூலை 5

ஒரு பெண் வாசகர் சரியான இடத்தில் பிடித்தார்: 'நீங்கள் எழுதுவதில் மக்கள் எங்கே? எல்லாம் துறை, துறை, துறை.' ஒப்புக்கொள்கிறேன். மேலே நான் எழுதியதில் மக்கள் பேருந்தில் ஏற்றப்படுகிறவர்களாக மட்டும் வந்திருக்கிறார்கள்.

1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை போலா புயல் அடித்தது. குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். வங்கதேசம் பிறந்த பிறகு அரசும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றை நடத்த ஆரம்பித்தன. கிராமத் தன்னார்வலர்கள், கையில் ஒலிபெருக்கி, சங்கு, கொடி. இன்று எழுபதாயிரத்துக்கு மேல் தன்னார்வலர்கள், பெண்கள் பெருமளவில். 1991-ல் மறுபடியும் ஒரு லட்சத்துக்கு மேல் சாவு. ஒரே நாளில் இது சரியாகவில்லை என்பதை மறக்கக் கூடாது. முகாம்கள் போதவில்லை, போகப் பயந்தார்கள், மாடுகளை விட்டுப் போக மனமில்லை. பிறகு முகாம்களைக் கூட்டினார்கள், கால்நடைகளுக்கும் இடம் வைத்தார்கள். 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள், அதுவும் கொரோனாவுக்கு நடுவே. உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது.

ஒடிசாவும் அப்படித்தான். 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர். அந்த ஆண்டே மாநிலத்துக்கென்று ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம். 2013-ல் பைலின் புயல் வருவதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள். உயிரிழப்பு பத்தாயிரத்தில் இருந்து சில பத்துகளுக்கு இறங்கியது.

மாடுகளுக்கு இடம் வேண்டும் என்று எந்தத் துறைக் கூட்டத்திலும் தானாக வந்திருக்காது. மாடு வைத்திருப்பவர் மேசையில் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் வரும். எங்கள் இரண்டாவது ஒத்திகைக்குக் குடியிருப்பில் இருந்து நான்கு பேரை அழைத்தோம். அதில் ஒரு அம்மா கேட்டார்: 'முகாம் பள்ளிக்கூடம் என்கிறீர்கள், ராத்திரியில் சாவி யாரிடம்?' காவலாளியிடம். காவலாளி வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் மூடினால் சாவி வராது. இப்போது அந்த அம்மா வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பதவி என்ற இடத்தில் 'முகாம் சாவி' என்று எழுதியிருக்கிறோம்.

ஜூலை 11

'பெயர் எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். ஆட்கள் மாறுவார்கள்' என்று வேறு ஓர் இடத்தில் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவைப் பற்றி எழுதிய பிறகு யோசித்தேன். அது பாதிதான் சரி.

பதவி மட்டும் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை. பெயர் மட்டும் இருந்தால் மாற்றல் வந்ததும் பட்டியல் செத்துவிடும். இரண்டும் வேண்டும். கூடவே, பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே புதியவரைப் பழையவர் கையோடு சிறுபாலத்துக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். காகிதத்தில் ஒப்படைக்கும் பொறுப்பு காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

ஜூலை 19

ஒத்திகையை நான் அதிகமாகப் புகழ்ந்துவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். 2004 ஜூலையில் அமெரிக்காவில் 'பாம்' (Pam) என்று பெயர் வைத்த ஒரு கற்பனைப் புயலை வைத்து நியூ ஆர்லியன்ஸ் பகுதிக்கு ஒத்திகை நடத்தினார்கள். பல அமைப்புகள், பல நாள். நகரம் மூழ்கும், பல்லாயிரம் பேர் சிக்குவார்கள் என்றெல்லாம் அதில் வந்தது. பதின்மூன்று மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29, அதே பகுதியில் கத்ரீனா புயல். தெரியாத ஆபத்து வரவில்லை, எழுதி வைத்த ஆபத்தே வந்தது. ஒத்திகைக்குப் பின் முடித்திருக்க வேண்டிய வேலைகள் பல முடியாமல் கிடந்தன.

எங்கள் பதினேழில் ஒரு வருடம் கழித்து ஒன்பதுதான் முடிந்திருந்தது. எட்டு மிச்சம். அதில் நான்கு யாரும் எதிர்க்காதவை, செலவில்லாதவை, ஆனாலும் நடக்கவில்லை, ஏனென்றால் நான் போய்க் கேட்கவில்லை. இப்போது என் வேலை நேரத்தில் பாதி இந்தப் பின்தொடர்தலில்தான் போகிறது. மாதத்தின் முதல் திங்கள், பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு அழைப்பு. 'முடிந்ததா?' என்று கேட்பதில்லை. 'போய்ப் பார்க்கலாமா?' என்று கேட்பேன். இந்த இரண்டு கேள்விக்கும் வருகிற பதில் வேறு வேறு.

ஜூலை 30

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தன் அலுவலகத்தில் இந்த 'யாரிடமிருந்து என்ன வேண்டும்' கேள்வியைக் கேட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஆறு பேர் இருந்தார்களாம், இருவர் ஒரே ஜெனரேட்டரை நம்பியிருந்தார்களாம். மிகவும் சந்தோஷம். அந்த ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவார் என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 14

மழைக்கு முன் கடைசிச் சுற்று இன்று. சிறுபாலத்துக்குப் போனோம். உள்ளாட்சி, நீர்வளத் துறை, சாலைத் துறை, அவர்களின் புது ஒப்பந்ததாரர், அந்த அம்மா, நான். ஒப்பந்தத்தில் இப்போது வண்டல் அள்ளுவது ஒரு தனி வரி. ஒப்பந்ததாரரின் ஆள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து நடந்து மறுபக்கம் வெளியே வந்தார். முழங்கால் வரை சேறு. 'நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் இருக்கிறது, நாளைக்கு எடுத்துவிடுகிறோம்' என்றார். சாலைத் துறைப் பொறியாளர் தேதியை எழுதிக்கொண்டார். நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் போகிறோம்.